கறுப்பின விமானிகளும் ஒரு பொய்க் கணக்கும்

கிண்ணியாவில் வளர்ந்த எமக்கு விமானச் சத்தம் புதிதல்ல. குடாவுக்கு அந்தப் பக்கம் சீனக்குடா விமானத்தளம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, பிரித்தானியரின் ஹரிகேன் விமானங்கள் அங்கிருந்துதான் எழுந்து சென்றன.

அதற்கு ஒரு மாதம் முன்னர், அமெரிக்காவின் டஸ்கிகீயில் கறுப்பினப் போர் விமானிகளின் முதல் அணி பயிற்சி முடித்தது. 13 பேர் சேர்ந்து, 5 பேர் தேறினார்கள். அந்தப் படைப்பிரிவின் கதைதான் 2012 இல் வெளிவந்த 'ரெட் டெய்ல்ஸ்'. சண்டைக் காட்சிகள் வீடியோ கேம் மாதிரி இருக்கின்றன. அதை விடுங்கள். படம் முடிந்ததும் மகன் கேட்டான்: "வாப்பா, இவங்க ஒரு தடவை பிழை விட்டிருந்தா, மற்ற எல்லாரையும் நிப்பாட்டியிருப்பாங்களா?"

நியாயமான கேள்வி. கறுப்பினத்தவருக்குத் துணிவும் அறிவும் குறைவு என்று 1925 இலேயே அமெரிக்க இராணுவக் கல்லூரியொன்று அறிக்கை எழுதி வைத்திருந்தது. ஆகவே ஒருவர் தவறினால் அது முழு இனத்தின் கணக்கிலும் விழும்.

மெதுவாகச் செல்லும் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறப்பதே இவர்களின் பிரதான வேலை. "இவர்கள் காத்த ஒரு விமானத்தைக்கூட எதிரி வீழ்த்தவில்லை" என்ற பெருமை அறுபது வருடங்கள் சொல்லப்பட்டது. பின்னர் விமானப்படையின் வரலாற்றாய்வாளர் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். 27 விமானங்கள் வீழ்ந்திருந்தன. அதே வேலையைச் செய்த ஏனைய பிரிவுகளின் சராசரியோ 46!

அந்த 27 போதாதா? போதாது என்று எண்ணியதால்தான் பூச்சியம் தேவைப்பட்டது. 2019 ஏப்ரலுக்குப் பின், எவரோ செய்த குற்றத்துக்காகக் கடையிலும் காரியாலயத்திலும் பஸ்ஸிலும் தன்னை நல்லவனென்று நிரூபிக்க நேர்ந்த எம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எமது பக்கத்திலும் ஒருவர் இருந்தார். சிம்லாவில் பிறந்த மொஹிந்தர் சிங் புஜ்ஜி, தலைப்பாகையைக் கழற்றாமலே ஐரோப்பிய வானில் ஹரிகேன் ஓட்டியவர். போர்ப் படங்களில் இந்திய விமானி ஒருவரைக்கூடக் காட்டுவதில்லையே என்று முதுமையில் குறைப்பட்டார். 2010 இல் காலமானார். இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் அவருக்குச் சிலை எழும்ப இன்னும் நான்கு வருடங்கள் சென்றன.