கார் தானா ஓடும்போது உங்க கை எங்கே இருக்கணும்?

சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்புறீங்க. செங்கல்பட்டைத் தாண்டியாச்சு. ரோடு காலி. ஸ்டீயரிங்கில் இருக்கிற பட்டனை அழுத்தி, ஸ்பீடை 100-ல் செட் பண்றீங்க. முன்னால் போற லாரி வேகத்தைக் குறைச்சா உங்க காரும் தானா குறைக்குது. லாரி விலகினா தானா வேகமெடுக்குது. வெள்ளைக் கோட்டை நெருங்கினா, ஸ்டீயரிங் லேசா திரும்பி காரை நடுவுக்குக் கொண்டு வருது.

இப்படியே பத்து நிமிஷம் போனா மனசுக்குள்ள ஒரு குரல் கேட்கும். 'அதுதான் எல்லாத்தையும் பார்த்துக்குதே... ஒரே ஒரு மெசேஜ் பார்த்தா என்ன?'

கையில் போனை எடுத்த கொஞ்ச நேரத்தில் 'டிங்'னு ஒரு சத்தம். கையை ஸ்டீயரிங்கில் வைக்கச் சொல்லி டிஸ்ப்ளேவில் எச்சரிக்கை. நீங்க ஒரு விரலால் ஸ்டீயரிங்கை லேசா அசைச்சுட்டு, மறுபடியும் போனுக்குப் போயிடுறீங்க. சத்தம் நின்னுடுச்சு. ஆபத்து நின்னுச்சா?

டிரைவர் யாரு... நீங்களா, காரா?

காரில் இருக்கும் இந்த உதவி வசதிகளுக்கு மொத்தமா அடாஸ்னு பேர். 2021-ல் வந்த எம்ஜி ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யூவி700, 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்னு வரிசையா பல கார்களில் இது வந்துடுச்சு. 'லெவல் 2 அடாஸ்'னு விளம்பரத்தில் பெருசா போட்டிருப்பாங்க. அந்த 'லெவல் 2' என்னன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

எஸ்.ஏ.இ என்ற அமைப்பு, கார் தானாக ஓடும் திறனை 0-லிருந்து 5 வரை பிரிச்சு வெச்சிருக்கு. லெவல் 2-ல் கார் ஒரே நேரத்தில் ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் கவனிச்சுக்கும். ஆனா ஓட்டுற பொறுப்பு முழுக்க உங்களோடது. ரோட்டைப் பார்க்க வேண்டியது நீங்க. எந்த நொடியும் காரை வாங்கிக்கத் தயாரா இருக்க வேண்டியதும் நீங்க. அதாவது, அது உங்களுக்கு உதவியாளர். டிரைவர் கிடையாது.

அந்த 'டிங்' எதைக் கவனிக்குது?

பெரும்பாலான கார்கள் உங்க கவனத்தை நேரடியாப் பார்க்கிறதில்லை. ஸ்டீயரிங் தண்டில் ஒரு டார்க் சென்சார் இருக்கும். நீங்க கொடுக்கிற சின்ன திருப்பு விசையை அது உணரும். விசை வந்தா 'ஆள் இருக்கார்'னு எடுத்துக்கும்.

இதனாலதான் நேர் ரோட்டில் கையைச் சரியாவே வெச்சிருந்தாலும் சில சமயம் எச்சரிக்கை வரும். நீங்க திருப்பாததால் சென்சாருக்கு ஒண்ணும் தெரியலை, அவ்வளவுதான். சில கார்களில் தொடுதலையே உணரும் சென்சார் ஸ்டீயரிங் வளையத்துக்குள்ள இருக்கும். அதில் இந்தத் தொல்லை குறைவு.

ரெண்டுக்குமே ஒரே குறை. கை இருக்கான்னு தெரியுமே தவிர, கண்ணும் மனசும் எங்கே இருக்குன்னு தெரியாது. ஸ்டீயரிங்கில் தண்ணி பாட்டிலைச் சொருகி, கார் தானா ஓடுற மாதிரி ரீல்ஸ் போடுறவங்க ஏமாத்துறது இந்த சென்சாரைத்தான். சென்சார் ஏமாந்துடும், எதிரில் நிக்கிற லாரி ஏமாறாது.

இந்தக் குறைக்காகத்தான் டிரைவர் முகத்தைப் பார்க்கும் கேமராக்கள் வந்தன. அமெரிக்காவில் 2017-ல் காடிலாக் காரில் வந்த 'சூப்பர் குரூஸ்', கையை எடுக்க அனுமதிச்சது. ஆனா கண் ரோட்டில் இருக்கான்னு கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும். கைக்கு லீவு கிடைச்ச காரில்கூட கண்ணுக்கு லீவு கிடையாது!

நல்லா ஓடுற கார்தான் பெரிய சோதனை

'நான் போன் பார்க்க மாட்டேன். கவனமா உட்கார்ந்திருப்பேன்'னு நீங்க சொல்லலாம். அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ரேடார் திரையைப் பார்த்துக்கிட்டே இருந்த வீரர்கள் நேரம் ஆக ஆக ஏன் தவறவிடுறாங்கன்னு ஒரு கேள்வி வந்தது. அதை ஆராய்ந்தவர் நார்மன் மேக்வொர்த். கடிகாரம் மாதிரி ஒரு வட்டத்தில் முள் நகரும். எப்போதாவது ஒரு தடவை அது வழக்கத்தைவிட ரெட்டைத் தூரம் தாவும். அதைக் கண்டுபிடிச்சு சொல்றதுதான் வேலை. 1948-ல் வந்த அவருடைய ஆய்வின்படி, முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் குறைய ஆரம்பிச்சுடுது. அவங்க சோம்பேறிகள் இல்லை. ஒண்ணுமே நடக்காத ஒண்ணைப் பார்த்துக்கிட்டே இருக்க மனுஷ மூளைக்கு வராது.

1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் எழுதிய ஒரு கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போச்சு. இயந்திரம் சுலபமான வேலையை எடுத்துக்கிட்டு, அதால் முடியாத கஷ்டமான நொடியை மட்டும் மனுஷன்கிட்ட தருது. அதுவரை சும்மா இருந்தவர் அந்த நொடியில் திடீர்னு திறமையா செயல்படணும். தொழிற்சாலைகளையும் விமானங்களையும் மனசில் வெச்சு எழுதினது, இன்னிக்கு உங்க காருக்கு அப்படியே பொருந்துது.

6 நொடி

2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் ஒரு டெஸ்லா கார், 'ஆட்டோபைலட்' ஓடிக்கிட்டிருந்தபோது நெடுஞ்சாலை பிரியும் இடத்தில் தடுப்பில் மோதியது. காரை ஓட்டியவர் இறந்துட்டார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரிச்சது. கார் கோடுகளுக்கு நடுவே இருந்து விலகி, தடுப்பை நோக்கிப் போயிருக்கு. கடைசி 6 நொடிகளில் ஸ்டீயரிங்கில் கை இருந்ததாகப் பதிவாகலை. பிரேக் போடலை, திருப்பவும் இல்லை. அவர் போனில் ஒரு கேம் ஓடிக்கிட்டிருந்தது.

6 நொடி சின்னதாத் தெரியலாம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 100 கி.மீ வேகத்தில் கார் ஒரு நொடிக்கு சுமார் 28 மீட்டர் போகும். 6 நொடியில் கிட்டத்தட்ட 167 மீட்டர். கண்ணு ரோட்டில், கை ஸ்டீயரிங்கில் இருந்தா அது தாராளமான தூரம். தலை குனிஞ்சு, கை மடியில் இருந்தா? நிமிரணும், என்ன நடக்குதுன்னு புரியணும், கையை நீட்டிப் பிடிக்கணும்... அதுக்கப்புறம்தான் திருப்பவே முடியும்.

சரி, கையை எங்கே வைக்கணும்?

ஸ்டீயரிங்கைக் கடிகாரம்னு நினைச்சுக்கோங்க. அப்பா, மாமா தலைமுறை '10-க்கும் 2-க்கும்' பிடிக்கக் கத்துக்கிட்டாங்க. இப்போ பரிந்துரை, 9-க்கும் 3-க்கும். காரணம், நடுவில் இருக்கும் ஏர்பேக். அது கண் சிமிட்டுறதுக்குள்ள வெடிச்சு விரியும். கை மேலே இருந்தா அதைத் தூக்கி முகத்திலேயே அடிச்சுடலாம். 9-3ல் கை பக்கவாட்டில் இருக்கும். சட்டுனு ரெண்டு பக்கமும் திருப்பவும் வசதி.

சீட்டில் முதுகு நல்லாப் படிஞ்சிருக்கும்போது மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொடணும். நெஞ்சுக்கும் ஏர்பேக்குக்கும் நடுவே குறைஞ்சது 25 செ.மீ இடைவெளி இருக்கணும்.

பிடி லேசா இருக்கட்டும். இறுக்கிப் பிடிச்சா, கார் திருப்புறதோட நீங்க மல்லுக்கட்டுவீங்க. லேசாப் பிடிச்சா, கார் என்ன பண்ண நினைக்குதுன்னு விரலுக்கே தெரியும். அது தப்பாத் திரும்ப ஆரம்பிச்சா முதலில் உணர்றது உங்க உள்ளங்கைதான். கையை வைக்கச் சொல்றது சென்சாருக்காக இல்லை; இதுக்காகத்தான்.

நம்ம ரோட்டுக்கு சில பழக்கங்கள்

* எப்போ ஆஃப் பண்ணணும்? கோடு அழிஞ்ச ரோடு, மேம்பாலப் பணிக்காகத் திருப்பிவிட்ட பாதை, கனமழை, மலைப்பாதை, ஊருக்குள்ள வர்ற நெரிசல்... இங்கெல்லாம் லேன் அசிஸ்ட்டை நம்பாதீங்க. ஆன் பண்ணியிருக்கோம்ங்கிற நினைப்பே ஆபத்து.

* நிக்கிற வண்டி ஜாக்கிரதை. வேகமாப் போகும்போது, ரோட்டில் அசையாம நிக்கிற வண்டியைக் கார் கண்டுக்காமப் போகலாம்னு பல கார்களின் மேனுவலிலேயே எழுதியிருக்கும். நைட்ல லைட் இல்லாம ஓரத்தில் நிக்கிற லாரியும், ராங் சைடில் வர்ற பைக்கும் நம்ம ஊரில் தினசரி காட்சி. பிரேக்குக்குக் காரை எதிர்பார்க்காதீங்க.

* கண்ணாடியை மறைக்காதீங்க. முன் கண்ணாடியின் மேல்பகுதியில்தான் கேமரா இருக்கு. அங்கே சாமி ஸ்டிக்கர் ஒட்டுறதோ, பொம்மை தொங்கவிடுறதோ வேண்டாம். கண்ணாடி மாத்தினா, கேமராவைத் திரும்ப அலைன் பண்ணச் சொல்லுங்க.

* மனசுக்குள்ள கமென்ட்ரி. 'முன்னால பஸ், இடது பக்கம் டிராக்டர், அடுத்து ஒரு கட்டிங் வருது'ன்னு பார்க்கிறதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிட்டு வாங்க. பிரிட்டனில் போலீஸ் டிரைவர்களுக்கே இந்தப் பயிற்சி உண்டு. சொல்ல ஒண்ணும் தோணலைன்னா, ரோடு காலின்னு அர்த்தம் இல்லை. நீங்க பார்க்கலைன்னு அர்த்தம்.

* ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு டீ. கால் வலிக்கலை, கை வலிக்கலைன்னு ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க. களைப்பு மூளைக்குத்தான்.

அடாஸ் வேண்டாம்னு சொல்லலை. நீங்க அசந்த ஒரு நொடியில் அது பிரேக் போட்டு உயிரைக் காப்பாத்தலாம். நீங்க தவறினா கார் பிடிக்கும், கார் தவறினா நீங்க பிடிக்கணும் என்பதுதான் ஒப்பந்தம். ரெண்டு பேருமே அசந்துட்டா, பின் சீட்டில் தூங்குற அம்மாவை யார் பார்த்துக்கிறது?

அடுத்த தடவை அந்த 'டிங்' கேட்டா, ஸ்டீயரிங்கை அசைச்சு அதை அடக்காதீங்க. போனை டேஷ்போர்டுக்குள்ள போட்டு மூடுங்க. அப்புறம் கையை 9-3க்குக் கொண்டு வாங்க.