தகப்பன் மனதுக்கும் ஆறுதல் வேண்டும்

ஊனமுற்ற குழந்தை உள்ள வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையைப் பற்றி விசாரிப்பார்கள். தாயாருக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்வார்கள். தகப்பனைப் பார்த்து, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் குறைவு. "ஆண் பிள்ளை, தாங்கிக் கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம்.

மும்பை வாழ் தமிழருக்கு இந்தப் பாரம் இன்னும் அதிகம். நெல்லைச் சீமையில் என்றால் ஆச்சி, அத்தை, சித்தப்பா என்று பிள்ளையைத் தூக்க நாலு கை இருக்கும். தாராவியில் ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கு அது ஏது? காலையில் ரெயில் நெரிசல், இரவில் ஓவர்டைம், நடுவே பிள்ளையின் பயிற்சிச் செலவுக்குக் கடன்.

மனதில் பூட்டாதீர்கள்

துக்கத்தை வெளியே சொல்லாதவர் அதை வேறு வழியில் தீர்க்கப் பார்க்கிறார். சிலர் வேண்டுமென்றே தாமதமாக வீடு திரும்புகிறார்கள். சிலர் குடிக்கிறார்கள். சிலர், "உன் வம்சத்துக் குறை" என்று மனைவியைச் சாடுகிறார்கள். மூளைவாதம் என்பது வளரும் மூளைக்கு, பெரும்பாலும் பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ ஏற்படும் பாதிப்பால் வருவது. அது யார் செய்த பாவமும் அல்ல.

ஜப்பானிய எழுத்தாளர் கென்சாபுரோ ஓயேக்கு 1963-ல் மூளைக் கோளாறுடன் ஒரு மகன் பிறந்தான். அப்படிப் பிறந்த குழந்தையை விட்டு ஓடிவிடத் துடிக்கும் ஓர் இளம் தகப்பனின் கதையை அவர் மறு ஆண்டே நாவலாக எழுதினார். 1994-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மகன் ஹிகாரி இசையமைப்பாளர் ஆனார். மனம் தளர்வது கோழைத்தனம் அல்ல என்பதற்கு இது சாட்சி.

தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் 14416 என்ற இலவசத் தொலைபேசியில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை உண்டு. தமிழிலும் பேசலாம்.

"எனக்குப் பிறகு யார்?"

தகப்பனின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். வழி இல்லாமல் இல்லை.

மூளைவாதம், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவருக்கு 18 வயது ஆனதும் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. இதற்கான குழுவில் மாவட்டக் கலெக்டர் இருக்கிறார். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு.

தொழிலாளர் சேமநல நிதியின் 1995-ம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர் இறந்தால், நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் கிடைக்கும். மத்திய அரசு குமாஸ்தாக்கள், இத்தகைய பிள்ளையைப் பராமரிப்பதைக் காட்டி, வழக்கமான இட மாற்றத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். 2014-லேயே இதற்கு உத்தரவு வந்துவிட்டது. ஊனச் சான்றிதழை முதலில் வாங்கி வையுங்கள்.

பெற்றோர் சங்கங்களின் கூட்டமைப்பான 'பரிவார்' 1995-ல் தோன்றியது. அத்தகைய கூட்டங்களுக்குத் தாய்மாரோடு தகப்பன்மாரும் போகவேண்டும். அக்கம்பக்கத்தாரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும். கணவனும் மனைவியும் கடற்கரை வரை காலாற நடந்து வருவார்கள். காசு செலவில்லாத உதவி இது. நம்மவர் செய்யலாமே!