காதால் படிக்கும் நூல்கள்

ஒரு சிறு சோதனை. உங்கள் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ ஒரு தமிழ் மின்நூலைத் திறவுங்கள். ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். அதே தமிழ் வரி வந்தால் நன்று. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தாலோ, வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டாலோ, பார்வையற்ற மாணவருக்கு அது மூடிய நூலே. ஏன்?

அவர்கள் நூலைத் ‘திரைவாசிப்பான்’ என்னும் மென்பொருளின் குரல்வழியே படிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. அவற்றுள் ஒன்று, இலவசமானது. பெயரைக் கண்டு, அது திரையைப் ‘பார்க்கிறது’ என எண்ணிவிடாதீர்கள். எங்கள் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு ஒரு மூட்டை வருகிறது. கணக்கர் அதைப் பிரிக்காமல் மேலே கட்டிய சீட்டை மட்டும் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரைவாசிப்பானும் அப்படித்தான். எழுத்தின் வடிவத்தை விட்டுவிட்டு, அதற்குரிய எண்ணையே படிக்கிறது.

யூனிகோடு முறையில் ‘அம்மா’ என்பது 2949, 2990, 3021, 2990, 3006 என்ற ஐந்து எண்கள். அதாவது அ, ம, புள்ளி, ம, கால். உலகெங்கும் இவை மாறா. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கே தமிழ் வடிவங்களை மாட்டிவிட்டார்கள். கண்ணுக்கு ‘அம்மா’, உள்ளேயோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! மூட்டைக்குள் கத்தரிக்காய், சீட்டில் வெங்காயம். குரல் சீட்டையே படிக்கும். எழுத்துக்கு 256 இடங்களே இருந்த காலத்தில் அது கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆளுக்கொரு விதமாகச் செய்ததே வினையாயிற்று.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கிய மின்நூல்களைத் ‘திஸ்கி’ முறையில் தந்து, பின் யூனிகோடுக்கு மாறியது. தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. எனினும் பக்க அமைப்பில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன.

பக்கங்களை வெறும் படங்களாக வருடிச் செய்த பி.டி.எஃப். நூல் இன்னும் மோசம். அதில் சீட்டே கிடையாது. எழுத்துணரி மென்பொருளால் மீட்கலாம். ஆனால் ‘ர’வையும் காலையும் அது குழப்பிக்கொள்ளும். ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

இவ்வாறு மாற்றிக் கொடுப்பதற்குச் சட்டத் தடை இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. 2016இல் ‘சுகம்ய புஸ்தகாலய’ என்னும் இணைய நூலகமும் வந்தது.

இ-பப் வடிவில் தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்துவிட்டால், வாசகர் ஏழாம் அத்தியாயத்துக்கு ஒரே தாவலில் போகலாம். இல்லையேல் முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டியதுதான்.

எங்கள் இயற்பியலில் பெருந்தொல்லை சமன்பாடுகள். தனி ஊசலின் அலைவு நேரத்தைப் படமாக ஒட்டினால் குரல் ‘படம்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். வெறும் எழுத்தாக அடித்தால், வர்க்கமூலக் குறி நீளத்தை மட்டும் தழுவுகிறதா, ஈர்ப்பு முடுக்கத்தையும் சேர்த்தா என்று காதுக்குத் தெரியாது. விடையே மாறிவிடும்! மேத்-எம்.எல். என்ற குறிமுறையில் எழுதினால் ‘வர்க்கமூலம் தொடக்கம்’, ‘வர்க்கமூலம் முடிவு’ என்று எல்லை கட்டிச் சொல்ல வழியுண்டு. கதிர்ப் படங்களுக்கோ, ‘குவிலென்சு, பொருள் குவியத்துக்கு அப்பால், பிம்பம் தலைகீழ்’ என்று ஆசிரியர் ஒரு வரி எழுதி உள்ளே வைத்தால் போதும்.