3.6 வினாடிக் கணக்கு

ஈப்போவில் ஏறி, கோலாலம்பூர் போகும் இடிஎஸ் மின்சார ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். கம்பார் தாண்டியதும் எதிர்த் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் ‘விர்’ரென்று கடந்து போகிறது. பெட்டிகளை எண்ணலாம் என்று நினைப்பதற்குள் காணோம். அவ்வளவு வேகமாகவா வந்தது? பாதி வேகம் உங்களுடையது!

இடிஎஸ்ஸின் உச்ச வேகம் மணிக்கு 140 கி.மீ. இரண்டு ரயிலும் அதே வேகத்தில் ஓடுகின்றன, ஒவ்வொன்றின் நீளமும் 140 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் ரயில் நிற்கிறது, எதிர் ரயில் மட்டும் 280-இல் வருகிறது என்று கொண்டாலும் கணக்குப் பிசகாது. ஓடும் ஒன்றில் இருந்தபடி மற்றொன்றைப் பார்க்கும்போது தெரியும் இந்த வேகத்துக்குச் ‘சார்பு வேகம்’ என்று பெயர். எதிர் ரயில் உங்கள் சன்னலைக் கடக்க வெறும் 1.8 வினாடி.

அதே ரயில், பத்து காஜா நடைமேடையில் நிற்பவரை நிற்காமல் கடந்தால் 3.6 வினாடி ஆகும். சரி, இரண்டு ரயில்களும் முகத்தோடு முகம் சந்தித்து, வால்கள் விலகும்வரை எவ்வளவு? அதுவும் 3.6தான்! நீளம் இரட்டித்தது, வேகமும் இரட்டித்தது. நீளமும் வேகமும் ஒரே எண், 140; அது அடிபட்டுப் போக, மிஞ்சுவது மணிக்கு 3600 வினாடி, கிலோமீட்டருக்கு 1000 மீட்டர். 3600-ஐ 1000-ஆல் வகுத்தால் 3.6, அது பிறந்தது அங்கேதான்.

பாடாங் ரெங்காசுக்கும் தைப்பிங்குக்கும் இடையே பெராப்பிட் மலைக்குள் 3.3 கி.மீ. சுரங்கப்பாதை இருக்கிறது. 140-இல் போனால் 85 வினாடி என்று எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் போச்சு. கடைசிப் பெட்டியும் வெளியே வர வேண்டாமா? அதற்கு இன்னொரு 3.6 வினாடி.

சராசரி வேகம் இன்னும் பொல்லாதது. பாதித் தூரம் 140-இல், மீதி 70-இல் போனால் சராசரி 105 என்றுதான் எல்லாரும் சொல்வோம். உண்மையில் 93 சொச்சம். மெதுவான பாதி இரட்டிப்பு நேரத்தை விழுங்கிவிடுகிறது. தாப்பா ரோடு, சுங்கை, சிலிம் ரிவர் என்று நின்று நின்று, ஈப்போ-கோலாலம்பூர் இடையே சுமார் 210 கி.மீ. தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் கடக்கும் ரயிலின் சராசரி 84தான்.

மலாயாவின் முதல் ரயில் ஓடியது பேராவில்: 1885 ஜூன் 1, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, சுமார் 13 கி.மீ. பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர். அத்தகைய பழைய பாதைகளில் தண்டவாளத் துண்டுகளின் இடைவெளியில் சக்கரம் ‘டடக்’ என்னும். துண்டு 12 மீட்டர் என்றால், 43 வினாடியில் கேட்கும் டடக்குகளின் எண்ணிக்கைதான் மணிக்கு இத்தனை கி.மீ. என்ற வேகம். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்குக் கைக்கடிகாரமும் காதும் போதும்!

இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், டடக் போய்விட்டது. அடுத்த பயணத்தில், பாதையோரக் கிலோமீட்டர்க் கற்கள் இரண்டுக்கு இடையே வினாடிகளை எண்ணி, 3600-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். 26 வினாடி வந்தால் வேகம் 138.