யானையின் நெற்றியும் ஈயக்குண்டும்



சென்ற விடுமுறையில் தங்கையின் மகனைக் கண்டி தலதா மாளிகைக்கு அழைத்துச் சென்றேன். 1988இல் இறந்த ராஜா யானையின் பாடம் செய்யப்பட்ட உடல் அங்குள்ள நூதனசாலையில் நிற்கிறது. அதன் நெற்றியை அண்ணாந்து பார்த்த பையன், "மாமா, இவ்வளவு பெரிய தலைக்குள்ள குண்டு போகுமா?" என்று கேட்டான். பெரஹராவைப் பற்றிக் கேட்பான் என்றிருந்த எனக்குத் திகைப்புத்தான்.

மலைநாட்டில் வேட்டையாடிய வெள்ளைக்காரரையும் அலைக்கழித்த கேள்வி அது. யானையின் நெற்றிக்குப் பின்னால் உடனே மூளை இல்லை. தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த எலும்புதான் இருக்கிறது. மூளை அதற்கப்பால் ஆழத்தில் கிடக்கிறது. தூய ஈயக்குண்டு மெதுமையானது. மானின் உடலில் பட்டால் தட்டையாகி, அகன்ற காயம் செய்து, அவ்விடத்திலேயே வீழ்த்தும். அதே குண்டு யானையின் நெற்றியில் பட்டால் எலும்பிலேயே நசுங்கி நின்றுவிடலாம். யானை சாகாது, காயத்தோடு காட்டுக்குள் போய்விடும்.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இதை நன்கறிந்தவர். பிரிஸ்டல் நகரில் அவர் செய்வித்த துவக்கின் எடை இருபத்தொரு இறாத்தல். அதன் கூம்புக்குண்டு நான்கு அவுன்ஸ், ஏறத்தாழ 113 கிராம். (சுட்டவரின் தோளை நினைத்துப் பாருங்கள்!) மெல்லுடல் விலங்குக்குத் தூய ஈயம், யானைக்கு வெள்ளீயமோ பாதரசமோ கலந்து இறுக்கிய ஈயம். இதுவே அவர் கொள்கை.

பின்னர் புகையில்லா வெடிமருந்து வந்தது. 1898இல் லண்டன் ரிக்பி நிறுவனத்தார் வெளியிட்ட 'நானூற்றைம்பது' றைபிளின் குண்டு வெறும் 31 கிராம்தான். ஆனால் செக்கனுக்கு 650 மீற்றர் அளவில் பாய்ந்தது. அந்த வேகத்தை வெறும் ஈயம் தாங்காது. உலோக உறை போட்டார்கள். உறை மூக்குவரை மூடியிருந்தால் குண்டு உருமாறாமல் நேராகத் துளைக்கும். மூக்கில் ஈயம் தெரிந்தால் காளான்போல் விரியும். தோட்டா ஒன்றுதான், செய்யும் வேலை வேறு. விரியும் குண்டுகளை 1899இல் ஹேக் மாநாடு போரில் தடைசெய்தது. வேட்டையில் அவை இன்றும் உண்டு, விலங்கு விரைவில் சாகும் என்பதனால்.

பையனிடம், "சரியான குண்டென்றால் போகும்" என்று மட்டும் சொன்னேன். இன்று வயலோரங்களில் கட்டுத்துவக்கிலிருந்து பாயும் ஈயத்துண்டுகள் எலும்பைத் துளைப்பதில்லை. காலில் தங்கிச் சீழ்பிடிக்கின்றன. அந்த யானை சாக வாரங்கள் செல்லலாம், மாதங்களும் செல்லலாம்.