ஹெல்சின்கி – டோக்கியோ: தூரம் அதேதான், நேரம் மட்டும் ஏன் ஏறிச்சு?

ஃபின்லாந்தின் ஹெல்சின்கிக்கும் டோக்கியோவின் நரீட்டா விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம்னு இணையத்துல தேடிப் பாருங்க. சுமார் 7,800 கி.மீ. என்று வரும். விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் எட்டே முக்கால் மணி நேரம். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒன்பதரை. 2022 தொடக்கம் வரை இந்தக் கணக்கு சரியாத்தான் இருந்தது. இப்போ அதே பயணத்துக்கு சுமார் 13 மணி நேரம்!

அந்த 7,800 எங்கிருந்து வருது? இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து ஹேவர்சைன் சூத்திரத்தில் போட்டால் கிடைக்கும் பெருவட்டத் தூரம் அது. ஒரு குளோபில் நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியில் போகுமோ, அந்த வழி. நடுவுல யாரோட வான்வெளி இருக்குன்னு சூத்திரத்துக்குத் தெரியாது.

இங்கே நடுவில் இருப்பது ரஷ்யா. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்கு வானை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. ஆசியாவுக்குக் குறுக்கு வழி ஹெல்சின்கிதான் என்று சொல்லியே வளர்ந்த ஃபின்ஏருக்கு இது பெரிய அடி.

மாற்று வழியை நீங்களே கணக்குப் போடலாம். டோக்கியோவிலிருந்து பேரிங் நீரிணை 4,660 கி.மீ., அங்கிருந்து வட துருவம் 2,670, துருவத்திலிருந்து ஹெல்சின்கி 3,300. மொத்தம் சுமார் 10,630. வகுத்தால் கிட்டத்தட்ட 12 மணி நேரம். மீதி ஒரு மணி நேரம் ஓடுபாதை, வளைவு, காற்று எல்லாத்துக்கும் போயிடும்.

காற்றைச் சும்மா விடக் கூடாது. ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும் நாட்களும் உண்டு. அதை எதிர்த்துப் பறந்தால் 900 என்பது தரையைப் பொறுத்தவரை 600தான். அதனால டோக்கியோ போகும்போது கஜகஸ்தான், சீனா வழியாகத் தெற்கே சுற்றி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போவாங்க. திரும்பும்போது துருவ வழி கைகொடுக்கும். அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு.

துருவ வழியில் இன்னொரு தலைவலி, எரிபொருள். ஜெட் ஏ-1 உறையும் வெப்பநிலை மைனஸ் 47 டிகிரி. இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் அதை நெருங்கினால், கீழே இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டியிருக்கும்.

இது ஒண்ணும் புது வழி இல்லை. சோவியத் வான் மூடியிருந்த காலத்தில், 1983லேயே ஃபின்ஏர் மூன்று இன்ஜின் டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்து இதே துருவத்தைத் தாண்டித்தான் டோக்கியோ போனது. துருவம் கடந்த பயணிகளுக்கு அப்போ ஒரு சான்றிதழ் கொடுத்தாங்க. 2022ல் அந்தப் பழக்கத்தையும் திரும்பக் கொண்டுவந்துட்டாங்க.