டீ நேரத்துப் பேச்சு இரண்டு

ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்று, இப்போது ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேட்டில் நிற்கிறேன். ஷிஃப்டில் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். டீ நேரத்தில் பேச்சு இரண்டுதான்: மூட்டுவலி, பென்ஷன்.

மூட்டுவலிக்கு 2003 ஏப்ரலில் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. சந்தா ஒரே தடவை. அதன்பின் எனக்கும் வீட்டம்மாவுக்கும் ஆயுள் முழுக்க வைத்தியம். பாலிகிளினிக் டாக்டர் எழுதிக் கொடுத்தால், பட்டியலிலுள்ள தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேரலாம். அத்திப்பள்ளி தாண்டிப் போனால் பெங்களூரில் விமானப்படையின் கமாண்ட் ஆஸ்பத்திரியும் உண்டு.

பென்ஷன் கதை நீளம். ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ். ஆனால் முன்னால் ஓய்வு பெற்றவருக்குக் குறைவாகவும், பின்னால் பெற்றவருக்கு அதிகமாகவும் இருந்தது. இதைப் பற்றிய மனுவை பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு விசாரித்து, 2011 டிசம்பரில் எங்கள் பக்கம் நின்று அறிக்கை தந்தது. ஒரே ரேங்குக்கு ஒரே பென்ஷனை நடைமுறைப்படுத்துவதாக அரசு அறிவித்தது 2015-இல். கணக்கு 2014 ஜூலை 1 முதல்.

எம்.பி.க்கள் கேட்டால் நடக்கும், தாமதமாகவாவது. அதனால் ஓட்டு கேட்டு வருகிறவரிடம் நாங்கள் சாலை வசதியோடு பென்ஷன் விஷயத்தையும் கேட்கிறோம்.